ஷெர்லி என்னும் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷெர்லி என்றதும் சுருள்முடியும் கன்னக்குழியுமாகச் சிரிக்கும் அமெரிக்கக் குழந்தை நடிகை ஷெர்லி டெம்பிளே பலருக்கு நினைவுக்கு வருவார். ஆனால் அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இச்சொல் இங்கிலாந்தில் சில ஊர்களையும், பிறகு ஒரு பிரபுக் குடும்பத்தையும், பிறகு சில ஆண்களையும் குறித்துவந்தது. இது பெண்பெயரான கதையையும், உச்சத்துக்கு ஏறி இறங்கிய கதையையும் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

ஷெர்லி என்ற பெயருக்கு என்ன பொருள்?

பழைய ஆங்கிலச் சொற்கள் இரண்டு சேர்ந்து உண்டான ஊர்ப்பெயர் இது. பின்பாதியில் உள்ள ‘லி’, காட்டில் மரங்களை வெட்டித் திருத்திய வெளியைக் குறித்த ஒரு சொல்லின் தேய்ந்த வடிவம். ஆஷ்லி, ஸ்டான்லி, பிராட்லி ஆகிய பெயர்களின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதே சொல்தான். ஆஷ்லி என்பது ஆஷ் மரங்கள் நின்ற வெளி. ஸ்டான்லி கல் நிறைந்த வெளி. பிராட்லி அகன்ற வெளி.

முன்பாதியில்தான் கருத்து வேறுபாடு இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘ஷீர்’ என்று ஒலித்த ஒரு சொல்லுக்குப் பளிச்சென்ற, தெளிந்த என்று பொருள். அதன்படி ஷெர்லி என்பது அடர்ந்த காட்டின் நடுவே வெயில் விழும் திறந்த வெளியாகிறது. ஏறத்தாழ அதே ஒலியுடைய மற்றொரு சொல் நிர்வாகப் பிரிவைக் குறித்தது. யார்க்‌ஷயர், டெர்பிஷயர் என்ற பெயர்களில் இன்றும் நிற்கும் ‘ஷயர்’ அதுவே. அதை எடுத்துக்கொண்டால், அந்தப் பகுதி மக்களின் அவை கூடிய வெளி என்று பொருள் கொள்ளலாம். பெயர் அகராதிகள் பெரும்பாலும் முதல் பொருளையே முன்வைக்கின்றன. ஷெர்லி என்ற பெயரில் ஊர்கள் பல இருப்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே மூலம்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது என் எண்ணம்.

அந்த ஊர்கள் எங்கே இருக்கின்றன?

டெர்பிஷயரில் ஷெர்லி என்றொரு சிற்றூர் இருக்கிறது. லண்டனுக்குத் தெற்கே குரோய்டனை ஒட்டியும், சவுத்தாம்ப்டன் நகருக்குள்ளும், பர்மிங்காமுக்கு அருகே சோலிஹல் பகுதியிலும் அதே பெயரில் இடங்கள் உண்டு. இவற்றுள் மனிதர்களின் பெயர் வரலாற்றுக்கு முக்கியமானது டெர்பிஷயர் சிற்றூர். இடைக்காலத்தில் நிலவுடைமைக் குடும்பங்கள் தாங்கள் ஆண்ட ஊரின் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டன. அந்த முறையில் உருவானதே ஷெர்லி குடும்பம்.

அமைதியான ஒரு வெளியின் பெயரைத் தாங்கியவர்கள் எல்லாரும் அமைதியானவர்களாக இருக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்டனி ஷெர்லி, ராபர்ட் ஷெர்லி என்ற சகோதரர் இருவர் பாரசீகத்துக்குப் போய் ஷா அப்பாஸின் அரசவையில் இடம்பிடித்தார்கள். அவரிடமிருந்தே ஐரோப்பிய அரசர்களுக்குத் தூதும் போனார்கள். 1711இல் இக்குடும்பத்தின் ஒரு கிளைக்கு ஃபெரர்ஸ் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. அப்பட்டத்தின் நான்காம் உரிமையாளரான லாரன்ஸ் ஷெர்லி, தம் கணக்குப்பிள்ளையைச் சுட்டுக் கொன்ற குற்றத்துக்காக 1760இல் லண்டன் டைபர்னில் தூக்கிலிடப்பட்டார்.

கடல் கடந்தும் பெயர் போயிற்று. 18ஆம் நூற்றாண்டில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ஆளுநராக இருந்த வில்லியம் ஷெர்லியின் நினைவாக அங்கே ஷெர்லி என்ற ஊர் இன்றும் இருக்கிறது.

ஷெர்லி முதலில் ஆண்பெயராக இருந்தது உண்மையா?

உண்மை, ஆனால் பரவலான ஆண்பெயராக ஒருபோதும் இருந்ததில்லை. ஆங்கிலேயரிடையே தாய்வழிக் குடும்பப் பெயரையோ மதிப்புக்குரிய ஒரு குடும்பத்தின் பெயரையோ மகனுக்கு முதற்பெயராகவோ இடைப்பெயராகவோ சூட்டும் வழக்கம் உண்டு. சிட்னி, பெர்சி, ஹோவர்ட் போன்றவை அப்படி வந்தவையே. ஷெர்லியும் அதே வழியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆண்களுக்கு வைக்கப்பட்டது. லண்டனில் புகழ்பெற்ற நகைச்சுவை இதழான ‘பஞ்ச்’சின் ஆசிரியராக 1870 முதல் 1874இல் இறக்கும் வரை இருந்தவர், ஷெர்லி புரூக்ஸ் என்ற பெயரில் எழுதிய ஓர் ஆண்.

அது எப்போது பெண்பெயராயிற்று?

பெயர்களின் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு இவ்வளவு துல்லியமான விடை கிடைப்பது அரிது. 1849 அக்டோபரில் லண்டனில் ‘ஷெர்லி’ என்ற நாவல் வெளிவந்தது. அட்டையில் ஆசிரியர் பெயர் கரர் பெல் என்று இருந்தது. அந்தப் புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர், யார்க்‌ஷயரின் ஹாவர்த் ஊர்ப் பாதிரியாரின் மகள் சார்லட் பிரான்டி.

1811, 1812ஆம் ஆண்டுகளில் யார்க்‌ஷயரின் துணி ஆலைகளில் புது இயந்திரங்கள் வந்து தொழிலாளர்களின் பிழைப்பைப் பறித்தபோது, அவர்கள் இரவோடு இரவாக ஆலைகளைத் தாக்கி இயந்திரங்களை உடைத்த காலம்தான் கதையின் களம். கதையின் மூன்றில் ஒரு பங்கு போலக் கடந்த பிறகே ஷெர்லி கீல்தார் என்ற இருபத்தொரு வயது வாரிசுப் பெண் நுழைகிறாள். அவள் பெயருக்கான காரணத்தை ஆசிரியர் அங்கேயே சொல்லிவிடுகிறார்: மகன் வேண்டும் என்று எட்டு ஆண்டு காத்திருந்த பெற்றோருக்கு மகள் மட்டுமே பிறந்ததால், பிறந்திருந்தால் மகனுக்கு வைத்திருக்கக்கூடிய ஆண்மைச் சாயலுள்ள குடும்பப் பெயரையே அவளுக்கு வைத்துவிட்டார்கள். அக்கால வாசகரின் காதில் அது இன்று ஒரு பெண்ணை ‘ஸ்டான்லி’ என்று அழைப்பதைப் போல ஒலித்திருக்க வேண்டும். ஷெர்லியும் அந்தப் பெயரோடு விளையாடுகிறாள். தன்னைக் கேப்டன் கீல்தார் என்று சொல்லிக்கொள்கிறாள். நிலமும் ஆலைக் குத்தகையும் தன் கையில் இருக்கும்போது தன்னை ஓர் ஆணாகவே நடத்தலாமே என்கிறாள். பெயர்த் தேர்வு அந்தக் கதாபாத்திரத்தின் துணிவையும் சொத்துரிமையையும் ஒரே சொல்லில் காட்டுகிறது.

இந்த நாவலை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் சார்லட் தம் உடன்பிறந்தார் மூவரை இழந்தார். 1848 செப்டம்பரில் சகோதரன் பிரான்வெல், டிசம்பரில் எமிலி, 1849 மே மாதத்தில் ஆன். சார்லட்டின் வாழ்க்கை வரலாற்றை 1857இல் எழுதிய எலிசபெத் கேஸ்கல், நலமும் செல்வமும் வாய்த்திருந்தால் எமிலி எப்படி இருந்திருப்பாளோ அந்த வடிவமே ஷெர்லி என்று பதிவு செய்திருக்கிறார். அதற்கு ஒரு சான்று நாவலிலேயே கிடைக்கிறது. எமிலியை ஒருமுறை வெறிபிடித்ததாகச் சந்தேகிக்கப்பட்ட நாய் கடித்துவிட, அவர் யாரிடமும் சொல்லாமல் சமையலறைக்குள் போய், அடுப்பில் பழுக்கக் காய்ந்திருந்த இரும்பை எடுத்துத் தம் கையில் தாமே சூடு போட்டுக்கொண்டார். நாவலில் ஷெர்லி கீல்தார் செய்வதும் அதையே. ஆகவே இந்தப் பெண்பெயரின் முதல் சொந்தக்காரி ஒரு கற்பனைப் பெண் என்றாலும், அவளுக்குள் ஓர் உண்மைப் பெண் இருக்கிறாள்.

நாவல் வந்ததும் எல்லாரும் மகள்களுக்கு ஷெர்லி என்று பெயர் வைக்கத் தொடங்கிவிட்டார்களா?

இல்லை. பல குறிப்புகளில் ‘நாவலுக்குப் பிறகு புகழ்பெற்றது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். நாவல் செய்தது கதவைத் திறந்துவிட்டது மட்டுமே. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதி முழுவதும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மேரி, எலிசபெத், சாரா, அன்னா போன்ற பெயர்கள்தான் ஆட்சி செய்தன. அமெரிக்கப் பதிவுகளில் அக்காலத்து ஷெர்லிகளில் ஆண்களும் இருக்கிறார்கள், பெண்களும் இருக்கிறார்கள்.

வேகம் பிடித்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. குடும்பப் பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் பெண்களுக்கு வைப்பது அப்போது புதுமையாகவும் நாகரிகமாகவும் தோன்றியது; ‘லி’ என்ற முடிவு டோரதி, பெட்டி, நான்சி முதலிய பெண்பெயர்களின் இகர ஓசையோடு இயல்பாகப் பொருந்தியது. மேடையிலும் திரையிலும் நடிகைகள் இதைப் புனைபெயராக எடுத்துக்கொண்டார்கள். பேசாப்படக் காலத்து நட்சத்திரம் ஷெர்லி மேசனின் இயற்பெயர் வேறு. பின்னாளில் ஆஸ்கார் விருது பெற்ற ஷெர்லி பூத்தின் இயற்பெயரும் வேறு. நன்றாக ஒலிக்கும் பெயர் வேண்டும் என்று தேடியவர்கள் கைநீட்டி எடுத்த பெயர் இது என்பதே அதன் அன்றைய மதிப்பைக் காட்டுகிறது. 1920களை மொத்தமாகக் கணக்கெடுத்தால், அமெரிக்கப் பெண்பெயர்களின் பட்டியலில் ஷெர்லி முதல் இருபதுக்குள் வந்துவிட்டது.

ஷெர்லி டெம்பிளால்தான் இந்தப் பெயர் பரவியது என்கிறார்களே?

காலவரிசையை ஒருமுறை பார்த்துவிட்டால் இதற்கு விடை தெளிவாகும். ஷெர்லி ஜேன் டெம்பிள் 1928 ஏப்ரல் 23 அன்று கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் பிறந்தார். அப்போதே ஷெர்லி நாகரிகமான, ஏறுமுகத்தில் இருந்த பெயர். அவருடைய தாய் கெர்ட்ரூட், அக்காலத்து ஆயிரக்கணக்கான தாய்மார்களைப் போலவே பெயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஆக, குழந்தையால் பெயர் வந்தது என்பதைவிட, பெயரின் அலையில் பிறந்த குழந்தை அந்த அலையை மலையளவு உயர்த்திவிட்டாள் என்பதே பொருத்தம்.

அந்த உயரத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1934இல் அவர் நடித்த படங்கள் வரிசையாக வெளிவந்தன. ஆண்டு முடிவதற்குள் அவர் அமெரிக்காவின் செல்லப்பிள்ளையாகிவிட்டார். 1935 பிப்ரவரியில், ஏழு வயதுகூட நிரம்பாத நிலையில், அகாதெமி அவருக்குச் சிறார் விருதாக ஒரு குட்டி ஆஸ்கார் சிலையைக் கொடுத்தது. 1935 முதல் 1938 வரை அமெரிக்கத் திரையரங்குகளில் வசூலில் முதலிடம் அவருக்கே. பெருமந்தத்தின் காலம் அது. வேலையும் சேமிப்பும் போயிருந்த மக்கள் சில்லறைக் காசு கொடுத்து ஒன்றரை மணி நேரம் அந்தக் குழந்தை ஆடிப் பாடுவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவருடைய சுருள்முடியும் தற்செயலானது அன்று. ஒவ்வோர் இரவும் கெர்ட்ரூட் மகளை உட்காரவைத்து, ஈர முடியைக் கற்றை கற்றையாகப் பிரித்து, சுருட்டி, கொண்டை ஊசி குத்துவார். எண்ணிக்கை சரியாக 56 இருக்க வேண்டும். அந்த 56 சுருளையும் பொம்மைக் கடைக்காரர்கள் பொம்மைத் தலையில் வைத்து விற்றார்கள்.

பெயர்ப் பதிவேட்டில் இதன் விளைவு அப்படியே தெரிகிறது. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தரவின்படி, 1935இல் பிறந்த பெண் குழந்தைகளில் 42,000க்கும் மேற்பட்டோர் ஷெர்லி என்ற பெயர் பெற்றார்கள். அது முந்தைய ஆண்டைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பதிவில் உள்ள பெண் குழந்தைகளில் கிட்டத்தட்ட இருபத்தைந்து பேருக்கு ஒருவர். அந்த ஆண்டில் அதற்கு முன்னால் நின்ற ஒரே பெயர் மேரி. 1930களை முழுமையாகப் பார்த்தால் மேரி, பெட்டி, பார்பரா ஆகியவற்றுக்கு அடுத்து நான்காம் இடம் ஷெர்லிக்கு.

இன்னொரு சுவையான செய்தி. ஸ்டுடியோக்காரர்கள் விளம்பரத்துக்காக டெம்பிளின் வயதில் ஓர் ஆண்டைக் குறைத்தே சொல்லிவந்தார்கள். தமக்குப் பன்னிரண்டு வயது நிறைகிறது என்று நினைத்திருந்த நாளில்தான் தமக்குப் பதின்மூன்று வயதாகிவிட்டது என்பதை அவர் தெரிந்துகொண்டார்.

இந்த எண்ணிக்கைகள் எப்படிக் கிடைக்கின்றன? அவற்றை நம்பலாமா?

அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு அட்டைக்கு விண்ணப்பித்தவர்களின் முதற்பெயர், பாலினம், பிறந்த ஆண்டு ஆகியவற்றைத் தொகுத்து அந்த நிர்வாகம் பட்டியல் வெளியிடுகிறது. 1880 முதலான ஆண்டுகளுக்குத் தரவு உண்டு. ஆனால் அத்திட்டத்துக்கான சட்டமே 1935இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில், பெரியவர்களான பிறகு அட்டை வாங்கியவர்கள் மட்டுமே கணக்கில் இருக்கிறார்கள். வாங்காமலே இறந்தவர்களும், வீட்டோடு இருந்த பெண்களில் பலரும் விடுபட்டுப் போனார்கள். எனவே 19ஆம் நூற்றாண்டு எண்களை மொத்தத் தொகையாக அல்ல, போக்கைக் காட்டும் குறியாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. ஓர் ஆண்டில் ஐவருக்கும் குறைவாகச் சூட்டப்பட்ட பெயர்கள் வெளியிடப்படுவதில்லை என்பதையும், எழுத்து வேறுபட்டால் வேறு பெயராகவே எண்ணப்படும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரே பெயரில் ஆண்கள் சிலர் இருப்பதைக் கண்டு வியந்துவிடவும் கூடாது. அவர்களில் சிலர் உண்மையான ஆண் ஷெர்லிகள். சிலர் விண்ணப்பத்தில் தவறான கட்டத்தில் குறியிட்டவர்களாகவும் இருக்கலாம்.

இவ்வளவு உயர்ந்த பெயர் ஏன் அவ்வளவு வேகமாக இறங்கியது?

செங்குத்தாக ஏறும் பெயர் செங்குத்தாகவே இறங்கும் என்பது பெயர்ப் பட்டியல்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குப் பழகிய காட்சி. வகுப்பில் நான்கு ஷெர்லிகள் இருந்தால் ஐந்தாவது தாய் வேறு பெயரைத் தேடுகிறாள். டெம்பிளும் வளர்ந்துவிட்டார், 1930களின் குழந்தையை நினைவூட்டிய பெயர் 1950களில் பழைய படச்சுருளைப் போலத் தோன்றத் தொடங்கியது. 1940களிலும் ஷெர்லி முதல் இருபதில் நின்றது உண்மை. ஆனால் அதற்குள் லிண்டா வந்துவிட்டது. 1947இல் அது மேரியையே முதலிடத்திலிருந்து இறக்கியது. 1935இல் பிறந்த ஷெர்லிகள் தாயானபோது தம் மகள்களுக்கு சூசன், டெபரா, லிசா என்று வைத்தார்கள். தாயின் தலைமுறைப் பெயரைவிடப் பழையதாகத் தோன்றும் பெயர் வேறில்லை. இந்த நூற்றாண்டில் ஷெர்லி அமெரிக்காவின் முதல் ஆயிரம் பெண்பெயர்களின் பட்டியலை விட்டே வெளியேறிவிட்டது.

இங்கிலாந்திலும் கதை ஏறக்குறைய இதுவே. 1980களில் புகழ்பெற்ற ‘ஷெர்லி வாலண்டைன்’ என்ற நாடகத்தின் நாயகி, லிவர்பூலில் சமையலறைச் சுவரோடு பேசிக்கொண்டு வாழும் நடுவயது இல்லத்தரசி. அந்தப் பாத்திரத்துக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டபோது பார்வையாளர்களுக்கு அவளுடைய வயதையும் வர்க்கத்தையும் தனியாகச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

பெண்பெயரான பிறகும் ஆண்களுக்கு வைத்தார்களா?

வைத்தார்கள்; அவர்கள் பட்ட பாடும் கொஞ்சம் அல்ல. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் பல பத்தாண்டுகள் விளையாட்டுப் பத்தி எழுதிய ஷெர்லி போவிச் 1905இல் மெய்ன் மாநிலத்தில் பிறந்த ஆண். 1950களின் இறுதியில், புகழ்பெற்ற அமெரிக்கப் பெண்மணிகளின் விவரங்களைத் தொகுத்து வெளிவந்த ஒரு நூலில் அவருடைய பெயரும் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது. மனைவியின் பெயர் உட்பட எல்லா விவரங்களும் சரியாகவே அச்சாகியிருந்தும் யாருக்கும் ஐயம் எழவில்லை. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ‘பிக் டாடி’ என்று கொண்டாடப்பட்ட, நூற்றைம்பது கிலோவைத் தாண்டிய மல்யுத்த வீரரின் உண்மைப் பெயர் ஷெர்லி கிராப்ட்ரீ. அவருடைய தந்தைக்கும் அதே பெயர்தான்.

இலங்கையில் நிலைமை வேறு. சிங்களவரிடையே ஷெர்லி நீண்டகாலம் மதிப்பான ஆண்பெயராகவே வழங்கியது. கடல் சட்டம் பற்றிய ஐ.நா. மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும், 1976இல் ஐ.நா. பொதுச்சபையின் தலைவராக இருந்தவருமான இலங்கை இராஜதந்திரி ஹாமில்டன் ஷெர்லி அமரசிங்க இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவரைப் பற்றிய பழைய குறிப்புகளைப் படிக்கும் இளைஞர்கள் அவரைப் பெண் என்று எடுத்துக்கொள்வதும் நடக்கிறது.

ஷெர்லி விவிலியப் பெயரா? புனிதர் யாராவது இருக்கிறார்களா?

இரண்டும் இல்லை. எஸ்தர், ரூத், ரேச்சல், மார்த்தா ஆகியவற்றைப் போல இதற்கு விவிலிய வேர் கிடையாது. முற்றிலும் ஆங்கில மண்ணில் முளைத்த ஊர்ப்பெயர். ஞானஸ்நானத்தின்போது புனிதர் பெயர் வேண்டும் என்று கருதும் கத்தோலிக்கக் குடும்பங்கள் மேரி, தெரசா போன்ற ஒரு பெயரை இதனோடு சேர்த்து வைத்துவிடுவது வழக்கம்.

ஷெர்லாக், செரில், ஷெர்ரி ஆகியவை இதன் உறவுப் பெயர்களா?

ஷெர்லாக் தூரத்து உறவு. பளிச்சென்ற என்று பொருள்படும் அதே ‘ஷீர்’ அதன் முன்பாதியிலும் இருக்கிறது. பின்பாதி முடிக்கற்றையைக் குறிப்பது. வெளிர்ந்த கூந்தலுடையவன் என்பது அதன் பொருள். செரிலுக்கு வேர் வேறு. அது 20ஆம் நூற்றாண்டில் பிற பெயர்களின் ஓசைகளைக் கலந்து உண்டான புதுப்பெயர். இருந்தாலும் ஷெர்லியின் புகழ் அதற்குக் கைகொடுத்திருக்கலாம் என்பது ஏற்கத்தக்க ஊகம். ஷெர்லின், ஷெர்லீன் முதலியவை ஷெர்லியிலிருந்து நீட்டி எடுக்கப்பட்டவை. ஷெர்ரி பெரும்பாலும் பிரெஞ்சுச் செல்லப்பெயரான ஷெரியின் பக்கம் சாய்கிறது.

இப்பெயரால் அறியப்பட்ட பெண்கள் யார்?

பிறந்த ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் பெயரின் வரைபடமே கிடைத்துவிடும். எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சன் 1916இல் பிறந்தவர். அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண்ணும், 1972இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராக ஜனநாயகக் கட்சியின் தேர்வில் நின்றவருமான ஷெர்லி சிசம் 1924இல் பிறந்தார். இவர்கள் டெம்பிளுக்கு முந்தியவர்கள். பிரிட்டிஷ் அரசியல்வாதி ஷெர்லி வில்லியம்ஸ் 1930இல் பிறந்தவர்; எழுத்தாளரான அவருடைய தாய் வேரா பிரிட்டன் இந்தப் பெயரைச் சார்லட் பிரான்டியின் நாயகியிடமிருந்து எடுத்தார். நடிகைகள் ஷெர்லி மெக்லைனும் ஷெர்லி ஜோன்ஸும் 1934இல் பிறந்தவர்கள். இருவருக்கும் டெம்பிளின் பெயரே வைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். கார்டிஃபில் பிறந்து ‘கோல்ட்ஃபிங்கர்’ பாடலால் உலகறிந்த ஷெர்லி பேஸி 1937ஆம் ஆண்டுக்காரர்.

டெம்பிளையும் நடிகையாக மட்டும் நினைவில் வைத்திருப்பது நியாயமில்லை. ஷெர்லி டெம்பிள் பிளாக் என்ற பெயரில் அவர் 1974 முதல் 1976 வரை கானாவிலும், 1989 முதல் 1992 வரை செக்கோஸ்லோவாக்கியாவிலும் அமெரிக்கத் தூதராகப் பணியாற்றினார். கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்த நாள்களில் பிராகில் இருந்தவர் அவர். 2014 பிப்ரவரியில் 85 வயதில் காலமானார்.

ஆசியாவில் இப்பெயர் இன்னும் கேட்கிறதே, எப்படி?

ஒரு பெயர் பிறந்த நாட்டில் முதுமை அடைந்த பிறகும் வேறு நாட்டில் இளமையாக இருக்க முடியும். ஹாங்காங், தைவான், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் சீனப் பெண்கள் தங்கள் சீனப் பெயரோடு ஓர் ஆங்கிலப் பெயரையும் வைத்துக்கொள்வது வழக்கம். ஷெர்லி அவர்களுக்குப் பிடித்த பெயர்களில் ஒன்று. ஜப்பானிய நடிகை யோஷிகோ யமாகுச்சி 1950களில் ஹாலிவுட் படங்களில் ஷெர்லி யமாகுச்சி என்ற பெயரில் நடித்தார்.

தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் கேரளக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் ஷெர்லி நன்கு பழகிய பெயர். இங்கே அதைக் கேட்பவருக்கு அமெரிக்கப் பாட்டியின் நினைவு வருவதில்லை. பள்ளி ஆசிரியையோ செவிலியரோ அத்தையோ நினைவுக்கு வருவார்.

தமிழில் இதை எப்படி எழுதுவது?

ஷெர்லி, ஷேர்லி, ஷர்லி, ஷிர்லி, செர்லி என எல்லா வடிவங்களும் புழக்கத்தில் உள்ளன. ஆங்கிலத்தில் முதல் அசையில் உள்ள உயிரொலிக்கு நேரான எழுத்து தமிழில் இல்லாததே இதற்குக் காரணம். எதை எழுதினாலும் அண்மை ஒலிதான். ‘ஷெர்லி’ பெரும்பான்மை வழக்கு என்பதால் இங்கும் அதையே கையாண்டிருக்கிறோம். பிறப்புச் சான்றிதழில் எந்த வடிவம் பதிவானதோ, பள்ளிச் சான்றிதழிலும் குடும்ப அட்டையிலும் அதையே விடாமல் பின்பற்றுவது முக்கியம். ஒரு கொம்பு மாறிப்போனாலும் பின்னாளில் பெயர்த் திருத்தத்துக்காக அலையவேண்டி வரும்.

ஷெர்லி மீண்டும் வருமா?

பாட்டி காலத்துப் பெயர்கள் மூன்று, நான்கு தலைமுறை கழித்துத் திரும்பி வருவதுண்டு. ஈவ்லின், ஹேசல் ஆகியவை அமெரிக்காவில் அப்படித் திரும்பி முன்வரிசையில் நிற்கின்றன. அவற்றின் உச்சம் ஷெர்லியின் உச்சத்துக்குப் பல ஆண்டுகள் முந்தியது என்பதால், ஷெர்லியின் முறை இன்னும் வரவில்லை என்று சொல்ல இடமிருக்கிறது. எனினும் ஒரு தனி மனிதரோடு இந்த அளவுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அவ்வளவு எளிதில் விடுபட்டு வருமா என்பது எனக்கு ஐயமே.

ஷெர்லி பாப்பி என்ற பூவுக்கும் ஷெர்லி டெம்பிள் என்ற பானத்துக்கும் இப்பெயரோடு தொடர்பு உண்டா?

பூவுக்கு ஊர்ப்பெயரோடுதான் தொடர்பு. 1880 வாக்கில் குரோய்டனை அடுத்த ஷெர்லி ஊரின் பாதிரியாரான வில்லியம் வில்க்ஸ், தம் தோட்டத்தின் காட்டு மூலையில் சிவப்பு வயல் பாப்பிகளுக்கு நடுவே, இதழோரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடிய ஒரே ஒரு பூவைக் கண்டார். அந்தப் பூவுக்கு அடையாளம் வைத்து, அதன் விதையை மட்டும் எடுத்து விதைத்தார். மறு ஆண்டு முளைத்த சுமார் இருநூறு செடிகளில் நான்கைந்தில் வெள்ளை ஓரம் தெரிந்தது. ஆண்டுதோறும் அவற்றிலிருந்தே விதை பொறுக்கிப் பொறுக்கி, இளஞ்சிவப்பும் வெள்ளையுமான ஒரு வகையையே அவர் உண்டாக்கிவிட்டார்.

பானம் நடிகையின் பெயரைத் தாங்கியது. இஞ்சிச் சுவையுள்ள சோடாவில் மாதுளைச் சாற்றுப் பாகு கலந்து, மேலே ஒரு செர்ரிப் பழம் போட்டு, மது அருந்தாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கொடுப்பது. அதை உருவாக்கியது தாங்களே என்று ஒன்றுக்கு மேற்பட்ட உணவகங்கள் உரிமை கொண்டாடியிருக்கின்றன. உலகில் எங்கே விருந்துக்குப் போனாலும் டெம்பிளின் முன்னால் அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். அவருக்கோ அது துளியும் பிடிக்காது. தித்திப்பு அதிகம் என்பார்.